நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று

14, மெலின் தெரு,
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பும் மின்சாரமும் நிறைந்த அம்மாவுக்கு,

உன் ஒரே மகனும் இவ்வீட்டின் தற்காலிக நிர்வாகியுமான எம்ரிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் சமையலறையில் ஒன்பது ஆண்டுகள் இரு பக்கமும் கருகக் கருக உழைத்த டோஸ்டர் அவர்கள், சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு இயற்கை எய்தினார். அன்னாரின் பிரிவால் கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறது. மரணத்துக்குக் காரணம் சீஸ். டோஸ்டரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சீஸையும் உருக்கலாம் என்று அப்பா கண்டுபிடித்தார். சீஸ் உருகியது, உள்ளே ஓடியது, வீடு முழுக்க இருட்டு. டோஸ்டரைச் சாய்த்தது அவர், டோஸ் விழுந்தது எனக்கு. யோசனை சொன்னது நானாம். (நான்தான். ஆனால் செய்தவரல்லவா பொறுப்பு?) நீ வந்து கழற்றிப் பார்க்கட்டும் என்று தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம்.

ஓடாமல் நடந்தே வருகிற தபாலை நம்பி ஏன் கடிதம் எழுதுகிறான் இந்தப் பையன், போனுக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். போனை அப்பா பூட்டி வைத்திருக்கிறார். பள்ளிக்கூட வராந்தாவில் 'லிஃப்ட் பழுது, மாடிப்படியைப் பயன்படுத்தவும்' என்று ஓர் அறிவிப்பு ஒட்டினேன். அவ்வளவுதான். நம் பள்ளியில் லிஃப்டே கிடையாது என்பது உனக்குத் தெரியும். புதிதாக வந்த பூகோள ஆசிரியருக்குத் தெரியவில்லை. பாவம், இரண்டு நாள் லிஃப்டைத் தேடினார். பூகோள ஆசிரியரே திசை தெரியாமல் அலைந்தால் அதற்கு நான் பொறுப்பா? இரண்டு வாரத் தண்டனை. வீட்டுப் போனோ மாடிப்படிக்குக் கீழே, அப்பா காதுக்கு எட்டும் தூரத்தில். மின்னஞ்சலை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம். ஆகவே ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இனி தபால் உறைக்குள்தான்.

ரகசியம் ஒன்று இருக்கிறது அம்மா. 'அவ அங்க காற்றாலைக் காத்தாடி உச்சில தொங்கிக்கிட்டு ஒயர் மாட்டிக்கிட்டு இருக்கா, இதெல்லாம் அவ தலைல ஏத்தாத' என்று அப்பா சொன்னார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர் கவனிக்கவில்லை.

அப்பாவுக்கு நர்சரியில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்சரியை நடத்தும் மெரெடித் டீச்சரே போன் செய்து சொன்னார். நேற்றே கடிதமும் வந்துவிட்டது. செத்துப்போன டோஸ்டருக்கு அடியில் வைத்திருக்கிறார். வருகிற வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் 'சரி' என்று பதில் சொல்ல வேண்டும்.

அவர் 'வேண்டாம்' என்று சொல்லப் போகிறார்.

கொஞ்சம் பொறு. வரிசையாகச் சொல்கிறேன். இந்தச் சரித்திரத்தில் உன் மகனின் பங்கு மகத்தானது. நான் மட்டும் இல்லாவிட்டால் இந்த முடிவு இப்படி வந்தே இருக்காது. அதை நீயே கடைசியில் ஒப்புக்கொள்வாய்.

போன வாரம் எங்கள் வகுப்புக்கு வேலை அனுபவ வாரம் என்று போன வியாழன் போனில் சொன்னேன் அல்லவா? எல்லோரும் ஒரு வாரம் எங்கேயாவது போய் வேலை பழக வேண்டும். பல் ஆஸ்பத்திரி என்னை வேண்டாம் என்றது. தீயணைப்பு நிலையம் லிஃப்ட் கதையைக் கேள்விப்பட்டிருந்தது. கடைசியில் மெரெடித் டீச்சர்தான், 'இங்க அனுப்புங்க, எங்ககிட்ட இவனை மாதிரி இருபத்திரண்டு பேர் இருக்காங்க, ஒண்ணு கூடினா தெரியாது' என்று எடுத்துக்கொண்டார். அதே வாரம் புதன்கிழமைதான் அப்பாவுக்கு, அதாவது விண்ணப்பதாரர் கெதின் அவர்களுக்கு, நேர்காணல். அந்த நேரத்தில் நான் தூரிகைகளைக் கழுவும் அறையில்தான் இருக்க வேண்டும், வெளியே மூக்கு தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று டீச்சர் திங்கட்கிழமையே எச்சரித்தார். மூக்கு தெரியவில்லை. காது எங்கே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, நர்சரி நிர்வாகக் குழுத் தலைவர் ப்ராசர் வந்திருந்தார். தூரிகை அறைக்கும் டீச்சர் அறைக்கும் நடுவே சுவர் என்று சொல்லப்படுவது ஒரு பலகை.

'இந்தக் கட்டடத்துல ஆம்பளைன்னு இருக்கறது பிரெண்டா ஒருத்தன்தான். கெதினையே போட்டுட்டு ஆகவேண்டியதப் பாப்போமே, டீச்சர். மார்க்கு, நேர்காணல், இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?' என்றார் ப்ராசர். பிரெண்டா அவர்கள் வளர்க்கும் கினிப்பன்றி. பெயர் வைத்து ஒரு வருஷம் கழித்துத்தான் மிருக வைத்தியர் அவன் ஆண் என்று சொன்னார். பதினான்கு பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஓர் ஆணைக்கூட அடையாளம் தெரியவில்லை பார்.

மெரெடித் டீச்சர் குரலை உயர்த்தவில்லை. குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற குரலில் சொன்னார்: 'ஆம்பளைங்களும் வாங்கன்னு விளம்பரத்துல ஒரு வரி போட்டோம். ஒரு சனிக்கிழமை அவங்களக் கூப்பிட்டு இங்க என்ன வேலைன்னு காட்டினோம். சட்டம் அதுக்கு இடம் குடுக்குது. ஏன்னா அது கதவத் தொறந்து வெக்கறது. மார்க்கு கம்மியா வாங்கினவர ஆம்பளைங்கற ஒரே காரணத்துக்காகத் தூக்கி உக்கார வெச்சோம்னா, அது கூட வந்த பொண்ணு மூஞ்சில கதவச் சாத்தறது. அப்பறம் கோர்ட்டு வாசல்ல நீங்கதான் நிக்கணும், ப்ராசர் சார்.'

'சரி, ரெண்டு பேரும் சரிசமமா வந்துட்டா?'

'வந்தா, அப்ப இங்க ஆம்பளையே இல்லங்கறதக் கணக்குல எடுத்துக்கலாம். எடுத்துக்கலாம்னுதான் சட்டம், எடுத்தே ஆகணும்னு இல்ல. ஆனா நான் பாத்த வரைக்கும் அப்படி வந்ததே இல்ல.'

கூட வந்த பெண் யார் என்கிறாயா? ரொட்டிக் கடை கெரிஸ். காலையில் கடை, சாயங்காலம் அப்பா படித்த அதே கல்லூரியில் அதே குழந்தைக் காப்புப் படிப்பு. அப்பாவுக்கு வெட்டி ஒட்டுகிற வேலை வராதபோதெல்லாம் காகித முயலுக்குக் காது வைத்துக் கொடுத்தவள் அவள்தான்.

நேர்காணல் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வது மட்டும் இல்லை. குழந்தைகளோடு இருபது நிமிஷம் இருக்க வேண்டும். ஒரு கதை, பிறகு இறைந்து கிடக்கும் சாமான்களைக் குழந்தைகளைக் கொண்டே எடுத்து வைக்கச் செய்வது. மூன்று பேர் மூலையில் உட்கார்ந்து தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் ஐம்பது. நர்சரியில் இரண்டு குழுக்கள்: ஆந்தைகள், முள்ளம்பன்றிகள். ஆந்தைகள் விழித்துக்கொண்டே இருக்கும். முள்ளம்பன்றிகளை நான் வர்ணிக்க விரும்பவில்லை. என் முழங்காலில் இன்னும் பல் தடம் இருக்கிறது.

அப்பாவுக்கு வாய்த்தது முள்ளம்பன்றிகள்.

கதையை ஆரம்பிப்பதற்குள் ஓஷன் என்ற நாலு வயதுப் பிரமுகர் எழுந்து பிரெண்டாவோடு பேசப் போய்விட்டார். இரண்டு பேர் ஷூவைக் கழற்றினார்கள். ஒருத்தி தன்னுடையதைக் கழற்றாமல் அடுத்தவனுடையதைக் கழற்றினாள். அப்பாவின் காது சிவந்ததைச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன். கதை எப்படியோ முடிந்தது. அடுத்தது சாமான் எடுத்து வைப்பது. அறை முழுக்கக் கட்டைகள். யாரும் அசையவில்லை.

அப்போது என்ன செய்தார் தெரியுமா? நடு அறையில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். 'நான் இப்ப கிரேன். எனக்குக் காதும் கேக்காது, கண்ணும் தெரியாது. உங்க கையைத்தான் பாப்பேன். கட்டைவிரல் மேல காட்டினா தூக்கு. கீழ காட்டினா எறக்கு. கையை மூடினா நில்லு' என்றார். உருக்காலையில் இருபத்திரண்டு வருஷம் காட்டிய சைகைகள். உலை மூடின பிறகு அந்தக் கை அப்படி நீண்டு நான் பார்த்ததே இல்லை. முதலில் ஓஷன்தான் ஓடி வந்தான். கட்டைவிரலைத் தூக்கினான். கிரேன் உறுமிக்கொண்டே ஒரு கட்டையைத் தூக்கியது. பிறகு பத்து முள்ளம்பன்றிகளும் மூச்சுக்கூட விடாமல் கையைக் காட்டின. ஏழு நிமிஷத்தில் தரை துடைத்துவிட்டது போல் ஆயிற்று. அப்பாவின் கைமூட்டு 'க்ளக்' என்று சத்தம் போட்டதுகூட நிஜக் கிரேன் மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை மெரெடித் டீச்சர் போனில் அத்தனையும் மறைக்காமல் சொன்னார். அப்பா நாற்பத்தொன்று. கெரிஸ் நாற்பத்தொன்று. மூன்று பேரும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்களாம். 'கெதின், ரெண்டு பேரும் சமம். இங்க பதினாலு பேருல ஆம்பளை ஒருத்தர்கூட இல்ல. வீட்டுல அப்பா இல்லாத புள்ளைங்க இதுல எத்தனை பேருன்னு உங்களுக்கே தெரியும். அதனால உங்களை எடுத்துக்கறோம். கெரிசுக்கும் இதை அப்படியே சொல்லிட்டேன். செப்டம்பர்ல இன்னொரு இடம் காலியாகுது, அவளையும் மனு போடச் சொல்லியிருக்கேன்.'

அப்பா நன்றி சொன்னார். போனை வைத்தார். என்னைத் தூக்கிச் சுற்றினார். கூரை விளக்கில் இடித்தேன். அந்த நிமிஷம் நீ இருந்திருக்க வேண்டும்.

நேற்று ரக்பி ஆட்டம் முடிந்து கிளப்புக்குப் போனோம். பெர்வின் மாமா எழுந்து நின்று கையைத் தட்டினார். பழைய உருக்காலைக் கூட்டம் முழுக்க அங்கேதான். 'வாய்யா கெதின்! ஈ மொய்க்கற எடத்துல இரும்புக்காரனுக்கு என்னய்யா வேலை?' என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். 'அது இருக்கட்டும், மீசைக்கு மட்டும் எத்தனை மார்க்கு போட்டாங்க?' அதற்கும் சிரித்தார். பால் புட்டியில் பீர் ஊற்றிக் கொடுத்தார்கள், குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற உன் பழைய கருவிப் பெட்டியை இழுத்தார். டோஸ்டரைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். மூடிக்கு உள்பக்கம் நீ மஞ்சள் பெயிண்டால் எழுதியிருக்கிறாய் அல்லவா, 87 என்று?

நீ வேலையில் சேர்ந்த முதல் வருஷம், 'பொம்பளைன்னு எடுத்திருக்காங்க' என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்களாம். பரீட்சையில் நீதான் முதல். அந்த எண்பத்தேழைப் பெட்டிக்குள் எழுதி வைத்துக்கொண்டாயாம். யாராவது வாயைத் திறந்தால் நீ பெட்டியைத் திறப்பாயாம், ஒன்றும் பேசாமல் திருப்புளியை எடுத்துக்கொண்டு மூடுவாயாம். இதையெல்லாம் எனக்கு நேற்றுத்தான் சொன்னார்.

'உங்கம்மாகிட்ட ஒரு நம்பர் இருந்துச்சுடா. என்கிட்ட இருக்கறது நாப்பத்தொண்ணு. அதே நாப்பத்தொண்ணு ரொட்டிக்கடைல வெல்ஷ் கேக் பொட்டலம் கட்டிக்கிட்டு நிக்குது. தராசு முள்ளு நடுவுல நின்னுச்சு. என் மீசையத் தூக்கி ஒரு தட்டுல போட்டாங்க. நான் ஜெயிக்கலடா, எடை கூடிட்டேன்' என்றார்.

டீச்சர் செய்தது சட்டப்படி சரிதானே, அதைத் தப்பு என்கிறீர்களா என்று கேட்டேன். 'அந்தம்மா செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. அதே எடத்துல நான் இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். அத வாங்கிக்கற ஆளு நாங்கறதுதான் கஷ்டம்' என்றார். வெள்ளிக்கிழமை மறுத்துவிட்டு, பெர்வின் மாமாவோடு சேர்ந்து இரவுக் காவல் வேலைக்குப் போகிறாராம். காலிக் கிடங்கு. திருடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. காவலுக்கு ஆள் மட்டும் வேண்டும்.

பதினெட்டு மாசம் அம்மா! உருக்காலைச் சட்டையோடு கல்லூரிக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து பசை ஒட்டிய மனுஷன். குளியலறையில் பாட்டுப் பழகியவர். உன் பூட்ஸுக்குக் கதை படித்துக் காட்டியவர். இதெல்லாம் காலிக் கிடங்குக்கா?

இன்னொரு செய்தி. நேற்றுக் காலை ரொட்டிக் கடைக்குப் போனேன். கெரிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று பயந்தேன். ஆறு வெல்ஷ் கேக்கைக் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்து, 'உங்கப்பாவுக்குக் குடுடா. முள்ளம்பன்றிய மேச்ச மனுஷன். எனக்கு வந்த ஆந்தைங்களப் பாத்தியா? இருபது நிமிஷம் இமை கொட்டல. கதை சொல்றப்ப ஒரு புள்ளையாவது மூக்க நோண்டணும்லடா? எனக்கே பயமாப் போச்சு' என்றாள். மெரெடித் டீச்சரும் அதையேதான் சொன்னாராம்: ஆந்தைகள் இப்படிச் சிலை மாதிரி உட்கார்ந்து அவர் பதினோரு வருஷத்தில் பார்த்ததில்லையாம். குழந்தைகளின் கவனம் என்ற தலைப்பில் கெரிசுக்குப் பத்துக்குப் பத்து. அப்பாவுக்கு ஆறு.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். மழை உண்டு. லீக் வெங்காயச் சூப்பில் உப்பு இல்லை. உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிறை இரண்டு தடவை பார்த்துக்கொள். உன் வரவுக்கு நானும் டோஸ்டரும் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இந்த வெற்றியில் மகத்தான பங்கு கொண்ட உன் மகன்
எம்ரிஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். ஓரம் கிழிந்திருப்பது அதனால்தான்.

அந்த மகத்தான பங்கு என்ன என்று இன்னும் சொல்லவில்லை. சொல்கிறேன். நீ உட்கார்ந்து படி. உச்சியில் இருந்தால் முதலில் கீழே இறங்கு.

திங்கட்கிழமை டீச்சர் மேஜையில் ஒரு தாள் இருந்தது. 'புதன் காலை 10: கெதின், ஆந்தைகள்.' தலைகீழாகப் படிப்பது எனக்குக் கை வந்த கலை. ஆகவே செவ்வாய்க்கிழமை, கைகழுவும் வரிசையில், பன்னிரண்டு ஆந்தைகளையும் கூட்டி ஓர் ஒப்பந்தம் போட்டேன். நாளைக்குக் கதை சொல்ல யார் வந்தாலும் சரி, கடைசி வரைக்கும் ஆடாமல் அசையாமல் கேட்டால் ஆளுக்கு இரண்டு டைனோசர் ஸ்டிக்கர். அப்பா பெயரைச் சொல்லவில்லை. நாலு வயது வாய் எல்லாவற்றையும் கொட்டிவிடும் என்பதால். அவ்வளவு புத்திசாலி நான்.

புதன்கிழமை காலையில் மெரெடித் டீச்சர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். கெதினின் பையன் இந்த வாரம் இங்கேதான் இருக்கிறான், யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு துணிப்பைக்குள் மர பொம்மைகளைப் போட்டு இரண்டு பேரையும் எடுக்கச் சொன்னார். கெரிஸ் கைக்கு ஆந்தை வந்தது. அப்பா கைக்கு முள்ளம்பன்றி வந்தது.

நான் தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அம்மா. கத்தவும் முடியாது. கெரிஸ் முறையில் ஆந்தைகள் டைனோசருக்காகத் தவம் இருந்தன. அப்பா முறையில் அவர் ஷூவையே ஒருத்தி கழற்றப் பார்த்தாள்.

அந்தப் பத்துக்குப் பத்து கெரிசுடையது இல்லை, என்னுடையது. அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டாள். நான் சும்மா இருந்திருந்தால் சமமே வந்திருக்காது. சட்டமும் வேண்டியிருக்காது, மீசையும் வேண்டியிருக்காது. அப்பா ஜெயித்திருப்பார். அவர் கையிலிருந்து அந்த நம்பரைப் பிடுங்கியவன் நான்தான்.

இதை மூன்று நாளாக எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன். சொன்னால் மெரெடித் டீச்சருக்கும் சொல்ல வேண்டும். டீச்சர் எல்லாவற்றையும் முதலிலிருந்து நடத்தினாலும் நடத்துவார், அவர் அப்படிப்பட்டவர். அப்போது அப்பா தோற்றாலும் தோற்கலாம். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை மதியம் அவரே தன்னைத் தோற்கடித்துக்கொள்வார். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தேன். எனக்குத் தராசே சரியாக நிற்கவில்லை.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு நீ போன் செய்வாய். ஏழு ஐந்துக்கு நான் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். நீ போனை வைத்துவிடாமல் மட்டும் இரு அம்மா. அவர் கத்தினால் கத்தட்டும், பிறகு சிரிப்பதற்கு அவருக்கு ஓர் ஆள் வேண்டும். மறுநாள் காலையில் டீச்சரிடமும் சொல்கிறேன், கெரிசிடமும் சொல்கிறேன். அந்த ஆறு வெல்ஷ் கேக்கில் மூன்றை நானே தின்றுவிட்டேன் என்பதையும்.

உன் பெட்டி மூடியில் எண்பத்தேழுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. மஞ்சள் பெயிண்ட் டப்பா இன்னும் காயவில்லை, பார்த்துவிட்டேன். என்ன எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நாற்பத்தொன்று இல்லை, அது மட்டும் நிச்சயம்.

எம்ரிஸ்
(மகத்தான என்பதை அடித்துவிடவும்)